சுகரை இழுக்கும் டப்பா

சர்க்கரையை உடம்பில் தேய்த்துவிடுகிற வேலைக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று சொன்னபோது என் அம்மா நம்பவில்லை. "துன்ற பொருளயா? கால்லயா?" என்று கேட்டாள். மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டில் எனக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. தங்க வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்ப்பது, ஸ்க்ரப் போட்டு அழுக்கெடுப்பது, பாதத்தை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டுவது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நானு ஊர்க்காரன் நெலத்துல குனிஞ்சேன். நீ கண்டவன் கால்ல குனியப் போற. இதுக்கா உன்ன படிக்க வெச்சேன்?" எனக்குச் சுருக்கென்றது. "கண்டவன் கால் இல்லம்மா, ஏசி ரூம்ல கீற கால்" என்றேன். எனக்கு வாய் அப்படித்தான்.

வேலை பழகிய பிறகு, அங்கே பளபளப்பான டப்பாக்களில் வருகிற ஸ்க்ரப்பை மோந்து பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சர்க்கரை, ஏதோ ஒரு எண்ணெய், வாசனைக்கு ஏதோ ஒரு புட்டியிலிருந்து சில சொட்டு. இதற்கா இத்தனை அலங்காரம் என்று வீட்டிலேயே செய்து பார்த்தேன். கேளம்பாக்கத்தில் மாடியில் ஒரு சின்ன வாடகை வீடு எங்களுடையது. பக்கத்து ஃபிளாட்டுகளில் இருக்கும் பெண்கள் ஒருத்தி சொல்லி ஒருத்தி வர ஆரம்பித்தார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்களே, அந்தத் தெருவுக்கு நான்.

கடையில் வாங்கிய சர்க்கரையை அப்படியே போட்டால் தோலைக் கீறிவிடும். மிக்சியில் ஒரே ஒரு சுற்று விட்டு நிறுத்த வேண்டும். ஆசைப்பட்டு இன்னொரு சுற்று விட்டால் மாவாகிவிடும், பிறகு எதற்கும் ஆகாது. தேங்காய் எண்ணெயை ஊற்றக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், ஈர மணல் பதம் வரும் வரைக்கும். பிடித்தால் கையில் நிற்க வேண்டும், அமுக்கினால் உதிர வேண்டும். அதோடு நிழலில் காயவைத்து இடித்த எலுமிச்சைத் தோல் சேர்ப்பேன். இல்லையென்றால் பன்னீர் ரோஜா இதழ். பாதத்துக்கு என்றால் காபித்தூள். அதைச் சேர்த்தால் லேகியம் மாதிரி கறுப்பாக இருக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் படக் கூடாது. யாராவது ஈரக் கையை விட்டால் போச்சு, சில நாளில் கள் வாடை அடிக்கும். கேளம்பாக்கத்தில் உப்பளக் காற்று வேறு. மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் சர்க்கரை தானாகவே வியர்த்துப் போகும்.

இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடலாம். எறும்பைத்தான் சமாளிக்க முடியாது. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, அதன் நடுவில் டப்பாக்களை நிறுத்தி வைப்பேன். தண்ணீர் வற்றிய அன்றைக்கே சுவரில் கோடு போட்ட மாதிரி வந்து நிற்கும். தேய்த்துக்கொண்டவர்கள் ஒழுங்காகக் கழுவாமல் படுத்தால் முழங்கால் வரைக்கும் ஏறும். அதனால் டப்பா கொடுக்கும்போதே எல்லோரிடமும் சொல்லிவிடுவேன், ஈரக் கை ஆகாது, கழுவாமல் படுக்கக் கூடாது என்று.

டப்பாவின் மேல் 'சுகர் ஸ்க்ரப்' என்று தமிழில் எழுதி ஒட்டினேன். எங்கள் பக்கத்தில் வெள்ளைச் சர்க்கரையை அஸ்கா என்றுதான் சொல்வோம். மளிகைக் கடையில் போய் ஒரு கிலோ அஸ்கா கொடு என்றால்தான் கொடுப்பார்கள். ஆனால் அஸ்கா என்று ஒட்டினால் ஃபிளாட்டில் இருக்கிறவர்கள் கையால் தொடுவார்களா? ரிசார்ட்டில் சொல்கிற பெயரையே எழுதினேன். ஊரில் சுகர் என்றால் அஸ்கா இல்லை, நோய். அவருக்கு சுகர், சுகர் ஏறிப்போச்சு, சுகர்ல காலை எடுத்துட்டாங்க, இப்படித்தான் அந்தச் சொல் எங்கள் வாயில் வரும்.

ரிசார்ட்டில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விஷயம் ஒன்று உண்டு. தேய்ப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும்: சுகர் இருக்கா, புண் இருக்கா? சுகர் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கும். கீறினால் தெரியாது, கீறல் சீக்கிரம் ஆறாது. ஒரு நாள் ஒரு பெரியவர் என் கேள்வியைக் கேட்டு, "ஆக, சுகர்காரனுக்கு சுகரைத் துன்னவும் கூடாது, தேய்க்கவும் கூடாது" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

இனி என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கணவரின் அக்கா. நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். அவர்கள் ஊர், நாங்கள் காலனி. நடுவில் ஏரிக்கரை. அவர்கள் வீட்டு நிலத்தில் என் அம்மா நாற்று நட்டிருக்கிறாள். அந்த வீட்டுப் பிள்ளையும் நானும் எங்கள் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு கேளம்பாக்கத்துக்கு வந்துவிட்டோம். அவர் கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறார். தாய் தகப்பன் சீக்கிரம் போய்விட, தம்பியைத் தூக்கி வளர்த்தவர் என் நாத்தனார்தான். புருஷனையும் இழந்துவிட்டு, கொஞ்சம் நிலத்தையும் நூறு நாள் வேலையையும் வைத்துக்கொண்டு ஒரு மகளைப் படிக்க வைத்தவர். அந்த மகளின் மேல் எனக்குக் கொள்ளைப் பிரியம். தாயின் மேல் இல்லை.

அதற்குக் காரணம் ஒரு டம்ளர். அந்த மகளுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தபோது எங்களையும் கூப்பிட்டார்கள். கூடவே என் அம்மாவையும் கூப்பிட்டார்கள். அதுவே பெரிய விஷயம் என்று என் கணவர் பூரித்துப்போனார். அம்மாவைப் பின்கட்டில் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். அம்மா குடித்தாள், எழுந்தாள், குழாயடிக்குப் போய் டம்ளரைக் கழுவினாள், சுவர்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தாள். யாரும் கழுவச் சொல்லவில்லை. அவள் கைக்கு அது பழக்கம். நாத்தனார் சமையற்கட்டு வாசலில் நின்று முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். 'வெச்சிடுங்க' என்ற ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அம்மா கழுவியதைவிட, இவர் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாததுதான் எனக்கு ஆறவில்லை.

பிறகு அவரும் எங்கள் வீட்டுக்கு எப்போதாவது வருவார். தண்ணீர் பாட்டில் கையோடு வரும். "டீ போடட்டாக்கா?" என்பேன். "வேணாமே, இப்பதான் குட்சிட்டு வந்தேன்." ஒவ்வொரு முறையும் இதே பதில். என் கணவர், "அக்காவுக்கு டீ அவ்ளோ புடிக்காது" என்று சமாளிப்பார். அவர் தன் வீட்டில் சொம்பில் டீ குடிப்பதை என் கண்ணால் பார்த்தவள் நான். வேண்டுமென்றே ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் அவர் வேண்டாம் என்று சொல்ல, அதை மனசுக்குள் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மகள் படித்து முடித்து எங்கள் பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். ஹாஸ்டலில் தங்கியிருந்தாலும் பாதி நாள் என் வீட்டில்தான். ஒரு லீவுக்கு ஊருக்குப் போகும்போது காபித்தூள் போட்ட டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். "அத்த செஞ்ச சுகர் ஸ்க்ரப்புமா, பாதத்துக்கு ரொம்ப நல்லது" என்று தன் அம்மாவிடம் சொல்லிவிட்டு, டப்பாவை மாடத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டாள். அவளுக்கு மதுராந்தகம் பக்கத்தில் ஒரு வரன் பேசிக்கொண்டிருந்தார்கள். ஏறக்குறைய முடிகிற நிலைமை.

அதற்குச் சில வாரம் கழித்து, எனக்கு வார லீவு நாளில், மத்தியான வெயிலில் நாத்தனார் படியேறி வந்தார். நான் தரையில் உட்கார்ந்து எலுமிச்சைத் தோலை இடித்துக்கொண்டிருந்தேன். என் கணவர் வேனோடு வெளியே போயிருந்தார். நாத்தனார் நாற்காலியில் உட்கார்ந்தார், பாட்டிலிலிருந்து தண்ணீர் குடித்தார். நான் டீ கேட்டேன். வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் தட்டில் நின்ற டப்பாக்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தாமே, இதுல ஒன்னு எனக்குக் குடேன்."

அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்ததை மறைப்பானேன். "எதுக்கா வோணும்? ரோஜா போட்டதா?"

"அதில்ல. கறுப்பா கீதே, சுகருக்குத் தேய்க்கறது. அது."

"யாருக்கு?"

"ஊர்ல தெரிஞ்சவ ஒருத்தி. சுகர்காரி. எம் பொண்ணு கொண்டாந்தத குடுத்தேன், தேச்சிகினு கீறா. நல்லா இழுக்குதாம்."

"எத இழுக்குது?"

"சுகரத்தான். இத போட்டுகினு படுத்தா, காலைல கால்ல எறும்பு வந்து நிக்குதாம். உள்ள கீற சுகரெல்லாம் கால் வழியா வெளிய வருது. மாத்திரைல வராதது இதுல வருதுன்னு சொல்றா."

சுகர் உள்ளவர்கள் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற பேச்சு. எறும்பைப் பார்த்துத்தான் நோயையே கண்டுபிடித்தோம் என்று சொல்கிறவர்கள் உண்டு. அதனால் அவர் கணக்கு அவருக்குச் சரி. எறும்பு வந்தால் சுகர் வெளியே வருகிறது என்றுதானே அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைத் திறந்தும்விட்டேன். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

"அக்கா, அது அஸ்கா" என்றேன்.

"இன்னாது?"

"டப்பால கீறது அஸ்காக்கா. டீல போடறோமே, அதே அஸ்கா. அத இங்கிலீஷ்ல சுகர்னு எழுதிகீறேன். அதுக்குத்தான் எறும்பு வருது. நோவுக்கு இல்ல."

தட்டில் தேங்கிய தண்ணீரை, அதன் ஓரத்தில் சுற்றிச் சுற்றி வந்த இரண்டு எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்ப, தேச்சிட்டா இன்னா ஆவும்?"

"சும்மா தோல்ல தேச்சா ஒன்னும் ஆவாது. சுகர் இருக்கறவங்க கால்ல தேய்க்கக் கூடாது. புண்ணு இருந்தா கிட்டயே போவக் கூடாது. அவங்களுக்குப் புண்ணு கீதா?"

அவர் இடது காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டார். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்தவள் என்று ஒருத்தியும் இல்லை.

அடுப்பில் வெந்நீர் வைத்து, கை பொறுக்கிற சூட்டில் பேசினில் ஊற்றி எடுத்துவந்து அவர் எதிரே உட்கார்ந்தேன். "காலக் காட்டுங்க."

"வேணாம்."

"காட்டுங்கக்கா."

"நீ எங் காலத் தொடாத."

நீட்டிய என் கை அப்படியே நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன ஒவ்வொரு 'வேணாம்'க்கும் நான் ஒரே அர்த்தம்தான் வைத்திருந்தேன். இதற்கும் அதையே வைத்தேன். ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது. "தொட்டா இன்னா, ஒட்டிக்குமா? தெனம் வெள்ளக்காரன் காலயே தொடறவ நானு. உங்க காலு இன்னா தங்கத்துல செஞ்சிகீதா?" என்று கத்திவிட்டேன்.

"அதுக்கில்லமே" என்றார். குரல் தணிந்திருந்தது. "நாறுது."

அதற்குப் பிறகு நான் அனுமதி கேட்கவில்லை. காலைப் பிடித்து இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கண்டவன் காலில் குனியப் போகிறாய் என்று அம்மா சொன்னது அந்த நேரத்திலா ஞாபகம் வர வேண்டும்! வந்தது. ரிசார்ட்டில் எத்தனையோ கால் பிடித்தவள்தான், அங்கே ஒரு நாளும் வராத கூச்சம் இங்கே வந்தது. இந்தக் கால் நடந்த வரப்பில்தான் என் அம்மா குனிந்து நட்டாள். குனியத்தான் வேண்டியிருந்தது, குனிந்தேன்.

செருப்புக்குள் சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் வாடை வந்தது. எண்ணெயும் காபித்தூளும் சர்க்கரையும் பாதத்தில் அடை மாதிரி காய்ந்து கிடந்தன. அதற்குள் செத்த எறும்புகள். வெந்நீரை மெல்ல விட்டுக் கரைத்தேன். சுண்டுவிரலுக்குக் கீழே ஒரு ஓட்டை. சுற்றிலும் கறுத்திருந்தது. விரலே பாதி நிறம் மாறியிருந்தது. என் பயத்தைக் காட்டிக்கொள்ளாமல், "மாப்ள வூட்டுல இன்னா சொன்னாங்க?" என்று பேச்சுக் கொடுத்தேன். அவரும் கூச்சத்தை மறைக்கப் பேசிக்கொண்டே போனார். மாப்பிள்ளைக்கு ஒரே ஒரு தங்கை, சொந்த வீடு, மாமியார்க்காரி கொஞ்சம் கறார், ஆனால் நல்லவள்.

ஓட்டையின் ஓரத்தை என் விரல் தடவியபோது உள்ளே கட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. லேசாக அழுத்தினேன். முள் முனை. அவர் மாமியார்க்காரியைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். குரலில் ஒரு பிசிறு இல்லை. முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"வலிக்கலயாக்கா?"

"எங்க?" என்று கேட்டார்.

அந்த 'எங்க?' என்னை உலுக்கிவிட்டது. ரிசார்ட்டில் யார் காலைத் தொட்டாலும், சர்க்கரை கொஞ்சம் அதிகமாக உரசினால் உடனே காலை இழுத்துக்கொள்வார்கள். இந்தக் காலில் ஒரு முள் புதைந்து கிடக்கிறது, அதன் மேல் நாள் கணக்கில் சர்க்கரையைத் தேய்த்திருக்கிறார், காலுக்குச் சேதியே தெரியவில்லை. முள்ளை நான் பிடுங்கவில்லை. பிடுங்கக் கூடாது என்று அந்த அளவுக்காவது எனக்குத் தெரிந்திருந்தது. வெள்ளைத் துணியைச் சுற்றிவிட்டு என் கணவருக்குப் போன் போட்டேன்.

"தம்பிகிட்ட சொல்லாத" என்று என் கையைப் பிடித்தார்.

"சொல்லுவேன்."

"கல்யாணம் முடியட்டும்மே. சுகர் வூடுன்னு தெரிஞ்சா பொண்ணு எடுக்க மாட்டாங்க. இத்தினி நாளு நான் யாருக்கும் சொல்லல. எம் பொண்ணுக்கே தெரியாது."

"காலு போனா மட்டும் தெரியாதா?" என்றேன். கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்னதால்தான் எழுந்தார்.

வேன் திருப்போரூர் தாண்டிச் செங்கல்பட்டுச் சாலையில் போனபோது பின் சீட்டில் காலை என் மடியில்தான் வைத்திருந்தார். முன்னால் என் கணவர் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். "பட்ட கால்லயே படும்னு சும்மாவா சொன்னாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார் நாத்தனார். காட்டுப் பக்கம் வந்தபோது ஒரே ஒரு கேள்வி கேட்டார். "காலு போய்டுமா?" எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். காலில்லாமல் ஏரிக்கரையில் நூறு நாள் வேலைக்குப் போக முடியாது. நிலத்தில் இறங்க முடியாது. மகளை அனுப்பிவிட்டு அந்த வீட்டில் தனியாக இருக்க முடியாது. அவர் யோசித்தது எல்லாம் எனக்குக் கேட்டது.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்தார்கள். வேலிக்காத்தான் முள். ஏரிக்கரையில் புதர் வெட்டும்போது ஏறி உடைந்திருக்கிறது, எப்போது என்று அவருக்கே தெரியாது. சுண்டுவிரலைக் காப்பாற்ற முடியவில்லை, எடுத்துவிட்டார்கள். கால் நின்றது. இன்னும் கொஞ்ச நாள் அதன்மேல் தேய்த்துக்கொண்டிருந்தால் பாதமே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, எதைத் தேய்த்தார் என்று அவரிடம் விளக்கிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாத்தனார்தான் படுத்துக்கொண்டே சொன்னார், "அஸ்கா சார்." அந்த டாக்டர் என்ன புரிந்துகொண்டாரோ.

அவர் கூட நான்தான் இருந்தேன். ஒரு சாயங்காலம் வார்டு வாசலில் டீக்காரர் வந்தார். பக்கத்துக் கட்டில்காரிக்கு வாங்கிக் கொடுத்துவிட்டு, "உங்களுக்கு வோணாம், தெரியும்" என்றேன். சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் கேட்டேன். "எங்க வூட்ல டீ குடிக்காதது இந்த சுகருக்காகவாக்கா?"

அவர் கூரையைப் பார்த்தார்.

"மொதல்ல அதுக்கில்ல" என்றார்.

"தெரியும்."

"பொய் சொல்ல மாட்டேன். மொதல்ல நீ நெனைக்கறதுக்குத்தான். அப்புறம் எங்க ஊர்ல ஒரு கேம்ப் போட்டாங்கோ, ரத்தம் எடுத்துப் பாத்து சுகர்னு சொல்லிட்டாங்கோ. அதுக்குள்ள எனக்கும் மனசு மாறிப்போச்சி, குடிச்சா இன்னானு தோணும். ஆனா சக்கர போடாம குடுன்னு சொல்லணும். டீ வேணாம்னா யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. சக்கர வேணாம்னா கேப்பாங்க. அப்டியே போச்சி."

மன்னித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. முதல் காரணத்தை அவர் மறைக்காமல் சொன்னது எனக்கு வலித்தது. மறைத்திருந்தால் இன்னும் வலித்திருக்கும். இரண்டையும் வைத்துக்கொண்டு அன்று வராந்தாவில் போய் நின்று அழுதேன். யாருக்காக அழுதேன் என்று கேட்டால், அம்மாவுக்காக.

மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கே பார்க்க வந்தார்கள். நாத்தனார் முகம் வெளுத்துப்போய்ப் படுத்திருந்தார். கறாரான மாமியார்க்காரி கட்டிலில் உட்கார்ந்து, ஆரஞ்சுப் பழப் பையை வைத்துவிட்டு, "எனுக்கும் கீது, எங்க வூட்டுக்காரருக்கும் கீது. சுகர் இல்லாத வூடு எங்க கீது? இதுக்கா ஒளிச்சி வெச்சீங்கோ?" என்றார். நாத்தனார் அந்தப் பழத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இதற்காகவா ஒரு விரலைக் கொடுத்தேன் என்று அந்தப் பார்வை கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் டப்பாக்களில் ஒட்டியிருந்த சீட்டை எல்லாம் ஊறவைத்துக் கிழித்தேன். 'அஸ்கா தேய்ப்பு' என்று எழுதி ஒட்டினேன். யார் கேட்டாலும் முதலில், "சுகர் இருக்கா?" என்பேன். ஃபிளாட்டுக்காரி ஒருத்தி, "என்னங்க, ஸ்க்ரப்புன்னு வந்தா டாக்டர் மாதிரி கேள்வி கேக்கறீங்க, அதுவும் பேரைப் பாருங்க, அஸ்காவாம்" என்று கேலி செய்தாள். செய்துவிட்டுப் போகட்டும்.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்து நாத்தனார் வந்தார். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த மெத்துமெத்தென்ற செருப்பு. "வூட்டுக்குள்ளயும் இத போட்டுக்கணும்னு சொல்லிகீறாங்க, கோச்சிக்காத" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தவர், நின்றுவிட்டார். என் அம்மா உட்கார்ந்திருந்தாள். அம்மா அன்றைக்கு வருவாள் என்று எனக்கே தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அம்மா, "உக்காரும்மா, காலு எப்டி கீது?" என்று நகர்ந்து இடம் விட்டாள்.

அவர் கையில் பாட்டில் இல்லை என்பதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

எதுவும் கேட்காமல் டீ போட்டேன். ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் இல்லை. இரண்டும் ஒரே மாதிரி டம்ளர். கொண்டுபோய் வைத்தேன். நாத்தனார் எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "டீயாமே இது? கழனித்தண்ணி மாதிரி கீது" என்றார். ஆனால் நிறுத்தவில்லை. அம்மாவும் குடித்தாள். இருவரும் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா, இந்த முறை நடவு உண்டா என்று பேசிக்கொண்டார்கள்.

டீ முடிந்ததும் நாத்தனார் எழுந்தார். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து சமையற்கட்டுத் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்தார். நான் எழுவதற்குள் அம்மா சொன்னாள்.

"வெச்சிடும்மா. நாங்க கழுவிக்கறோம்."

நாத்தனார் திரும்பினார். "அன்னிக்கி நீங்க கழுவனீங்கோ" என்றார். "நான் பாத்துகினு நின்னேன். வெச்சிடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லல."

நாத்தனார் மறுபடி நடந்து வந்து, அம்மாவின் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு போனார். முதலில் அதைக் கழுவினார். பிறகு தன்னுடையதை. இரண்டையும் மேடையில் கவிழ்த்து வைத்தார்.

மேடைக்குப் பக்கத்தில் தட்டில் டப்பாக்கள் நின்றன. கையைத் துடைக்காமலே ஒன்றை எடுத்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். சீட்டைக் கண்ணுக்கு அருகே வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார். "அஸ்கா" என்றார். அவர் விரலிலிருந்து தண்ணீர் டப்பாவுக்குள் சொட்டியது. ஈரக் கை ஆகாதுக்கா, கெட்டுப்போய்விடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை.